பின்னால் வருகிற நட்சத்திரம்

அவர் வேலை பார்த்த கட்டடத்தில் ஒரு நாளைக்கு நான்கு முறை இரவு வரும். காலை பதினொன்றுக்கு ஒன்று, மதியம் ஒன்றரைக்கு ஒன்று, மூன்றரைக்கு ஒன்று, ஐந்தரைக்கு ஒன்று. இந்த நான்கையும் ஒரு குமிழைத் திருகிக் கொண்டுவருபவர் அவர்தான் என்பதால், கோளரங்கத்தில் எல்லோரும் அவரை 'ராத்திரி' என்றே கூப்பிட்டார்கள். காலை ஒன்பதரை மணி வெயிலில் நின்றுகொண்டு "ராத்திரி அண்ணன் வந்தாச்சா?" என்று ஒருவர் கேட்பார். "ராத்திரி டீ குடிக்கப் போயிருக்கு" என்று டிக்கெட் கொடுப்பவர் பதில் சொல்வார். வரிசையில் நிற்கிற புது ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஒருவரை மிரட்ட வேண்டுமென்றால் பட்டப்பகலில் நட்சத்திரம் காட்டிவிடுவேன் என்பது வழக்கம். ராத்திரி அதையே மாதச் சம்பளத்துக்குச் செய்தார். ஆனால் நிஜ வானத்தோடு அவருக்குப் பழக்கம் குறைவு. ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிவிடுகிற மனிதர். ஒருமுறை மகள் வற்புறுத்தி மொட்டைமாடிக்கு அழைத்துப் போனபோது, அண்ணாந்து பார்த்து நெற்றியைச் சுருக்கினார். ஊரின் விளக்கு வெளிச்சத்திலும் புகையிலும் எட்டுப் பத்து நட்சத்திரங்கள் மங்கலாகத் தெரிந்தன. "யாரோ லென்ஸைத் துடைக்காமலே வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

அவருடைய வானம் துடைத்த வானம். அதைக் காட்டும் கருவிக்கு எறும்பு என்று பெயர். கூடவே வந்த கையேட்டில் நீளமான வேறு பெயர் இருந்தது. ஆனால் இரண்டு பக்கமும் இரண்டு கறுப்பு உருண்டை, நடுவில் ஒல்லி இடுப்பு, கீழே மெல்லிய கால்கள் என்று ஒன்று வந்து இறங்கினால் அதை வேறு என்னவென்று கூப்பிடுவது? ஓர் உருண்டையில் வடக்கு வானம், மற்றதில் தெற்கு வானம். உள்ளே விளக்கு, வெளியே ஊசித் துளைகள். ஒரு துளையில் தூசு உட்கார்ந்தால் ஒரு நட்சத்திரம் போச்சு. ஆகவே திங்கட்கிழமை, அரங்கத்துக்கு விடுமுறை நாளில், ராத்திரி மட்டும் வந்து மெல்லிய துணியும் கையுமாக வானத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

பெரிய நட்சத்திரங்களுக்கு மட்டும் எறும்பின் கழுத்தோரம் தனித்தனிக் குழல் உண்டு. ரோகிணியின் குழலில் ஆரஞ்சு நிறக் கண்ணாடிச் சில்லு ஒன்று இருந்தது. ஒரு கோடையில் அது சூட்டில் விரிசல் விட்டுவிட்டது. புதியது வந்து சேர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். ராத்திரி எதிர்க்கடையில் ஒரு மிட்டாய் வாங்கினார். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, தாளைக் குழலில் போட்டார். மூன்று மாதம் அந்த ஊர் பார்த்தது மிட்டாய்த்தாள் ரோகிணியைத்தான். நடுவில் விஞ்ஞானிகள் இருவர் வந்து பார்த்துவிட்டு, நிறம் மிக இயல்பாக இருக்கிறது என்று வருகைப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.

இருட்டில் பேசுவது அவருடைய மனைவி. அரங்கத்தில் அவருக்குக் 'குரலம்மா' என்று பெயர். வட்டக் கூரையின் கீழ் ஓர் ஓரத்தில் மைக்கும் தண்ணீர்த் தம்ளருமாக அவர் உட்கார்ந்திருப்பார். நேர் எதிர் ஓரத்தில் குமிழ்களுக்குப் பின்னால் ராத்திரி. விளக்கணைந்தால் ஒருவருக்கு ஒருவர் தெரியாது. எழுதிவைத்த குறிப்போ, சைகை விளக்கோ இருவருக்கும் இடையில் கிடையாது. குரலம்மா தண்ணீர் குடித்துவிட்டுத் தம்ளரை 'டொக்' என்று வைத்தால் சூரியன் மறைய வேண்டும். ஒரு கதையை இழுத்துச் சொன்னால் வானம் மெதுவாகச் சுற்ற வேண்டும். தொண்டை கட்டி இருமினால் மேகம் மாதிரி வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக ராத்திரி இந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே வானத்தைச் சுற்றினார். ஒருநாளும் பிசகவில்லை.

பிசகாததற்குப் பழக்கம் காரணம். அவர் வாழ்க்கையே அந்தக் குரலுக்குப் பின்னால் போனதுதான்.

இளம்வயதில் அவர் ஒரு பெரிய துணிக்கடையில் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். அதே கடையில் ஒலிபெருக்கியில், "இரண்டாம் தளத்தில் தொலைந்துபோன குழந்தை அழாமல் இருக்கிறது, பெற்றோர் அழாமல் வந்து பெற்றுக்கொள்ளவும்" என்று ஒரு பெண் அறிவிப்பாள். முகம் பார்ப்பதற்கு முன்பே ராத்திரி அந்தக் குரலோடு ஒரு மாதம் லிஃப்டில் ஏறி இறங்கியிருக்கிறார். பிறகு மைக்கைப் பழுதுபார்க்கப் போனார். மைக் பழுதாகாத நாளிலும் போனார். அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராகச் சேர்ந்தபோது, இரண்டே மாதத்தில் அவரும் அங்கே ஒலிபெருக்கி பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து நின்றார். "லிஃப்டு மேலயும் கீழயும்தான் போகுது. போரடிச்சுப் போச்சு" என்று காரணம் சொன்னார். அந்தக் காரணத்தை அவள் நம்பவில்லை. ஆனால் கல்யாணம் செய்துகொண்டாள். பிறகு கோளரங்கத்தில் குரல் தேவை என்று விளம்பரம் வந்தது. அவள் போனாள். இவர் அங்கே எலக்ட்ரீஷியனாக வந்து சேர்ந்து, எறும்பைத் தொட்டுத் துடைத்துப் பழகி, கடைசியில் எறும்புக்கே பொறுப்பாளர் ஆனார்.

தெருவிலும் அப்படித்தான். குரலம்மா முன்னால் விறுவிறுவென்று நடப்பார். ராத்திரி நான்கடி பின்னால், சாப்பாட்டுப் பையும் குடையுமாக. "என்ன அண்ணே, அம்மா வேகமா, நீங்க மெதுவா?" என்று டிக்கெட்காரர் கேட்டால், "பின்னாடி வர்றவனுக்குத்தான் வழி தெரியணும்கிற கவலை இல்ல" என்பார். அதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமைகூட உண்டு. முன்னால் போக ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ஒழுங்காகப் பின்னால் வரத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பது அவர் கட்சி.

அதனால்தான் குரலம்மா சொல்லும் கதைகளில் ரோகிணியின் கதை அவருக்கு உயிர். நாளுக்கு நான்கு முறை கேட்டும் அலுக்கவில்லை.

"இந்த ஆரஞ்சு நட்சத்திரத்தைப் பாருங்கள்" என்று குரலம்மா தொடங்குவார். மைக்கில் அவர் பேசுவது எழுத்துத் தமிழ்தான். "நாம் இதை ரோகிணி என்கிறோம். சிவந்தவள் என்று பொருள். நிலவுக்கு மிகவும் பிடித்தவள் என்று கதை. நம்முடைய பழைய பாட்டுக்காரர்கள் இதையும் பக்கத்து நட்சத்திரங்களையும் சேர்த்துப் பார்த்துச் சகடு என்றார்கள், அதாவது வண்டி. மேற்கே போனால் இது ஒரு காளையின் கண். ஆனால் பாலைவனத்தில் ஆடும் ஒட்டகமும் மேய்த்தவர்கள் இதற்கு வைத்த பெயர்தான் இன்றைக்கு உலகமெல்லாம் வழங்குகிறது. அல்தபரான். பின்னால் வருபவன்."

இங்கே ஒரு மூச்சு விடுவார். ராத்திரி வானத்தைச் சுற்றத் தொடங்குவார்.

"யாருக்குப் பின்னால்? அதோ, முன்னால் பொடிப்பொடியாக மினுங்குகிறதே, கார்த்திகைக் கூட்டம், அதற்குப் பின்னால். அந்தக் கூட்டத்தை அவர்கள் ஒரு பெண்ணாகப் பார்த்தார்கள். அவளை மணக்க ஆசைப்பட்டு, ஒட்டகங்களைச் சீராக ஓட்டிக்கொண்டு, இவன் வானம் முழுக்க அவள் பின்னால் வருகிறான். தினமும் வருகிறான். ஒருநாளும் எட்டிப்பிடித்ததில்லை. தன் பெயரில் தன்னைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாத நட்சத்திரம் இது."

அந்தக் கடைசி வரியில் சில பெண்கள் 'த்சொ' கொட்டுவார்கள். ராத்திரி மட்டும் இருட்டில் சிரித்துக்கொள்வார். எட்டிப்பிடிக்கவில்லையென்று யார் சொன்னது, எதிரில்தானே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது அவர் எண்ணம்.

இந்த நிலையில்தான் அந்தக் கடிதம் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை இயக்குநர் மேடம் அவரை அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். தொலைவில் இன்னொரு ஊரில் புதிதாகக் கோளரங்கம் கட்டுகிறார்கள். இதே வகைக் கருவி, ஆனால் புத்தம்புதியது, வாங்கியிருக்கிறார்கள். அதைப் பொருத்தி, ஓடவைத்து, அங்கேயே தலைமைப் பொறுப்பில் இருக்க ஆள் தேவை. எறும்பைக் கையால் தொட்டுப் பழகியவர் இந்தப் பக்கத்தில் ஒரே ஒருவர்தான் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்" என்றார் மேடம். "இங்க நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன். உங்களை விட மனசில்லதான். ஆனா இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"வீட்டுல கேக்கணும்" என்றார் ராத்திரி.

"வீடு எதிர் மூலையில மைக் முன்னாடி உட்கார்ந்திருக்கு. போய்க் கேளுங்க."

"அவங்களுக்கு அங்க வேலை?"

மேடம் தாளைத் திருப்பிப் பார்த்தார். "பேசறதுக்கு ஏற்கெனவே ஆள் போட்டுட்டாங்க போல."

ராத்திரி கடிதத்தை நான்காக மடித்து, குமிழ் மேசையின் இழுப்பறையில் உதிரி பல்புகளுக்கு அடியில் வைத்தார். குரலம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம், போக மனமில்லை என்பதல்ல. மனம் இருந்தது. அதுதான் தொந்தரவு. ஐம்பத்து மூன்று வயதில், முதல்முறையாக, தனக்கே தனக்கென்று ஒன்றின் மீது ஆசை வந்துவிட்டது. பெட்டி பிரிக்காத எறும்பு. யாருடைய கையும் படாத கண்ணாடி வில்லைகள். முதல் தடவையாக அந்தக் கூரையில் எழப்போகிற வானம் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே அவருக்கு உள்ளங்கை வியர்த்தது. அதே சமயம், தான் முன்னால் போய் அவள் பின்னால் வருவதா என்று நினைத்தால் கால் பின்னிக்கொண்டது. இத்தனை வருடமும் அவள் எடுத்த முடிவுக்குப் பின்னால் நடந்தவருக்கு, முடிவு எடுப்பது எந்தக் காலால் என்றுகூடத் தெரியவில்லை. அவளோ மைக்கை விட்டு வரவேண்டும். மைக் இல்லாத குரலம்மாவை அவரால் யோசிக்க முடியவில்லை. மீனைக் கரையில் போட்டுவிட்டு, 'பார், எவ்வளவு விசாலமான மணல்' என்று சொல்வதா?

செவ்வாய் போயிற்று. புதன்கிழமை ஒன்றரை மணி இரவு வந்தது.

ஒன்றரை மணிக் காட்சிக்கு நிரந்தரமாக ஒருவர் வருவார். எதிர்வரிசையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மதியச் சாப்பாட்டுக்குப் பின் குளிர்ச்சியாக, இருட்டாக, சாய்ந்த நாற்காலியோடு தூங்க அந்த வட்டாரத்தில் இதைவிட நல்ல இடம் இல்லை என்று கண்டுபிடித்தவர். குரலம்மாவின் குரலைப் பற்றிக் கேட்டால், "அப்படியே அசத்தித் தூங்க வெச்சிரும்" என்று பாராட்டுவார். நட்சத்திரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும், தூக்கத்திலேயே பல வருடம் கேட்டுக் கேட்டு, எந்தக் கதைக்குப் பின் எந்தக் கதை என்று அவருக்கு மனப்பாடம்.

அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு பேருந்து நிறைய வந்திருந்தார்கள். காட்சி நன்றாகவே போனது. கடைசியாக ரோகிணி கதை வந்தது. அல்தபரான் கூட்டத்தின் பின்னால் ஒட்டகம் ஓட்டினான். குரலம்மா கடைசி வரியைச் சொல்லி, பிள்ளைகள் கொஞ்சம் ரசிக்கட்டும் என்று மௌனம் விட்டார். ராத்திரியின் கை இழுப்பறைமேல் இருந்தது. வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு காட்சி முடிந்ததும், சுற்றிவிட்ட வானத்தை அடுத்த காட்சிக்காகத் திருப்பி ஆரம்ப இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து, கூட்டம் வெளியே போன பிறகு செய்கிற வேலை அது. சமையலறையைக் கழுவுவது மாதிரி, விருந்தாளி பார்க்கக் கூடாதது. அன்று ராத்திரியின் கை, விளக்குக் குமிழுக்குப் பதிலாக நேரே அந்தத் திருப்பும் குமிழுக்குப் போய்விட்டது.

வானம் நின்றது. பிறகு, பின்னால் ஓட ஆரம்பித்தது.

மறைந்த நட்சத்திரங்கள் மேற்கிலிருந்து எழுந்தன. எல்லாம் கிழக்கு நோக்கி வேகமாக நகர்ந்தன. ஆரஞ்சு நட்சத்திரம் முன்னால் போனது. பொடிக் கூட்டம் அதன் பின்னால், விட்டேனா பார் என்று தொடர்ந்தது.

பிள்ளைகள் இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் கண்ணாடிக்கடைக்காரர் விழித்துக்கொண்டார். அண்ணாந்து பார்த்தார். பல வருடங்களில் முதல்முறையாக அவர் பார்த்த வானம் அது.

"ஏம்மா" என்றார் இருட்டுக்குள்ளிருந்து. "அந்தப் பயலுதானே அவ பின்னாடி போவான்? இப்ப என்ன, அவ இவனைத் துரத்தறா?"

அரங்கமே சிரித்தது. இப்போது நிறுத்தினாலும் தப்பு, நிறுத்தாவிட்டாலும் தப்பு. ராத்திரி வழக்கம்போல அந்தக் குரலுக்காகக் காத்திருந்தார். குரல் வரவில்லை. ஒரு தம்ளர் மட்டும் 'டொக்' என்றது.

"ஐயா நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்" என்றார் குரலம்மா. குரலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "உங்களிடம் நான் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சொன்னால் கதை கெட்டுவிடும் என்று இத்தனை வருடமும் சொல்லவில்லை. பின்னால் வருபவன் என்று பெயர் வைத்தவர்கள் கிழக்கு, மேற்கு மட்டும்தான் பார்த்தார்கள். ஆழம் பார்க்க அவர்களிடம் வழி இல்லை. இந்த ஆரஞ்சு நட்சத்திரம் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. அந்தக் கூட்டம் இதைப்போல ஆறேழு மடங்கு தொலைவில் இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து பார்த்தால் அவன்தான் முன்னால் நிற்கிறான். அவளே அவனுக்கு எவ்வளவோ பின்னால். ஆயிரக்கணக்கான வருடமாகப் பின்னால் வருபவன் என்று கூப்பிடுகிறோம். அவன் மறுத்துப் பேசியதே இல்லை."

"அப்படிப் போடு" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"அதனால் இன்றைக்கு அவனைக் கொஞ்சம் முன்னால் நடக்கவிட்டோம். இப்போது விளக்கு போடுவார்கள். கண் கூசும், மெதுவாகத் திறவுங்கள்."

ராத்திரி விளக்கைப் போட்டார். பத்தொன்பது வருடமாகத் தினம் நான்கு முறை தன் கையால் சுற்றிய நட்சத்திரத்தைப் பற்றி இது அவருக்குத் தெரியாது.

கூட்டம் வெளியே போனதும், கண்ணாடிக்கடைக்காரர் குமிழ் மேசை அருகே வந்து, "தம்பி, நாளைக்கும் இப்படித்தானா? அப்படின்னா நான் வேற இடம் பாத்துக்கணும், தூக்கமே போச்சு" என்று முறையிட்டுவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் குரலம்மா வந்து நின்றார்.

"என்னங்க."

"ம்."

"உடம்புக்கு ஏதாச்சுமா?"

"இல்ல."

"வேற யாராச்சுமா?"

"வேற யாராச்சும் எதுக்கு. இருக்கற ஆளுக்கே நேரம் பத்தல."

"பின்ன வானம் ஏன் பின்னாடி போச்சு? பத்தொம்பது வருஷத்துல ஒரு நாள் நீங்க குமிழ் மாத்தித் திருகினது இல்ல. காய்ச்சலோட வந்தப்பகூட."

ராத்திரி இழுப்பறையைத் திறந்து, பல்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்கினார். கடைசியில் கடிதம் வந்தது. குரலம்மாவுக்குப் படிப்பது என்றால் வாய்விட்டுப் படிப்பதுதான். காலி அரங்கத்தில், ஏற்ற இறக்கத்தோடு, முழுக் கடிதத்தையும் வாசித்தார். 'தங்கள் மேலான அனுபவத்தை' என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நேத்தே வந்திருக்கு."

"ஆமா."

"நேத்து ராத்திரி சாப்பிடறப்ப, தெருவிளக்கு எரியலன்னு கால் மணி நேரம் பேசினீங்க. இதைச் சொல்லத் தோணல."

"அங்க பேசறதுக்கு ஆள் போட்டுட்டாங்களாம். உனக்கு வேலை இல்ல. அதான் வேண்டாம்னு எழுதிரலாம்னு..."

"அது இருக்கட்டும். உங்களுக்குப் போகணும்னு ஆசையா இருக்கா?"

"யாரு, நானா?"

"வேற யாரு இருக்கா இங்க. எறும்பையா கேக்கறேன்?"

ராத்திரி ஒரு பல்பை எடுத்துச் சட்டையில் துடைத்தார். துடைத்த பல்பைத் திரும்பவும் துடைத்தார்.

"பெட்டியே பிரிக்கலயாம்" என்றார்.

குரலம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பதிலுக்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. கணவர் ஒன்றைப் பற்றி இந்த மாதிரிக் குரலில் பேசி அவர் கேட்டது, மைக் பழுதுபார்க்க வந்த காலத்தில்தான்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க" என்றார். "இந்த வேலைக்கு நான் நேர்முகத்துக்கு வந்தப்ப, எல்லாம் முடிஞ்சு, 'உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா'ன்னு கேட்டாங்க. மத்தவங்க லீவு எத்தனை நாள், பஸ் வசதி உண்டான்னு கேட்டிருப்பாங்க. நான் என்ன கேட்டேன் தெரியுமா? 'இங்க எலக்ட்ரீஷியன் வேலை காலியா இருக்கா'ன்னு."

ராத்திரி பல்பைக் கீழே வைத்தார். "பஸ் ஸ்டாண்டுலயும்?"

"பஸ் ஸ்டாண்டுலயும். அப்ப நமக்குக் கல்யாணம்கூட ஆகல. கேக்கறப்ப எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. அந்த மேனேஜர், 'ஏன், உங்க அண்ணனா'ன்னு கேட்டாரு. தலையை ஆட்டி வெச்சேன்."

"அடிப்பாவி. அவரு கல்யாணத்துக்கு வந்திருந்தாரே."

"வந்தாரு. அதான் சாப்பிடாம போயிட்டாரு."

ராத்திரி வெள்ளைக் கூரையை அண்ணாந்து பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் அதில் ஒன்றும் இல்லை. "அப்ப நான் பின்னாடி வந்ததெல்லாம்?"

"வந்தீங்க. இல்லைன்னு யாரு சொன்னா. நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனேன், அவ்வளவுதான். நீங்க குனிஞ்சே வந்தீங்களா, கவனிக்கல."

அதோடு எல்லாம் சுபம் என்று முடிந்திருந்தால் அது வேறு தம்பதி. வியாழக்கிழமை முழுவதும் குரலம்மா வீட்டில் பேசவில்லை. மறைத்ததற்குக் கோபம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தன் மைக், தன் தம்ளர், தன் இருட்டு. நான்கு காட்சியிலும் கதைகளை வழக்கத்தைவிட இழுத்து இழுத்துச் சொன்னார். ராத்திரி வானத்தை மெதுவாகச் சுற்றினார். ஒரு காட்சி பன்னிரண்டு நிமிடம் கூடுதலாக ஓடி, வாசலில் அடுத்த வரிசை முணுமுணுத்தது. மகள் வங்கியில் வேலை பார்க்கிற ஊரிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, விஷயம் கேட்டு, "அப்பா முன்னாடி போறாரா? அவருக்கு வழி தெரியுமா? முதல்ல பால்கடை வரைக்கும் போகச் சொல்லிப் பாரும்மா" என்று சிரித்தாள். குரலம்மா அதற்கும் சிரிக்கவில்லை. ஆனால் போனை வைத்த பிறகு, அடுப்படியில் தனியாக நின்று கொஞ்சம் சிரித்தது ராத்திரிக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும்போது, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே குரலம்மா தீர்ப்புச் சொன்னார்.

"நீங்க போங்க. நான் வர்றேன். ஆனா கூடவே வர மாட்டேன்."

"அப்படின்னா?"

"பள்ளிக்கூடப் பிள்ளைங்க வர்ற பருவம் முடியட்டும். மூணு மாசம். எனக்கு பதிலா பேச ஆள் பாத்துக் குடுத்துட்டுத்தான் எந்திரிப்பேன்."

"மூணு மாசமா? அதுவரைக்கும் நான் தனியா?"

"கூட்டம் மேல வந்து ஒரு மணி நேரம் கழிச்சுத்தானே ரோகிணி உதிக்குது? பின்னாடி வர்றதுன்னா ஒரு இடைவெளி வேணும். ஒட்டிக்கிட்டே வந்தா அதுக்குப் பேரு பின்னாடி வர்றது இல்ல, தொங்கறது. உங்களுக்குத் தெரியாததா."

"அங்க வந்து நீ என்ன பண்ணுவ?"

"அதை நான் பாத்துக்கறேன். காது இருக்கற ஊர்ல குரலுக்கு வேலை இல்லாம போகுமா? அங்கயும் துணிக்கடை இருக்கும், பிள்ளைங்க தொலையும்."

அரங்கத்துக்கு வந்ததும் ராத்திரி பதில் எழுத உட்கார்ந்தார். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. பதினொரு மணி இரவுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. குரலம்மா எட்டிப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார், பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எழுதுங்க. 'தங்கள் கடிதம் கிடைத்தது. பொறுப்பை ஏற்பதில் மகிழ்ச்சி.' மகிழ்ச்சிக்கு இவ்வளவு பெரிய எழுத்து வேண்டாம், அடக்கமா எழுதுங்க. 'கருவியின் பெட்டிகளை நான் வரும்வரை யாரும் பிரிக்க வேண்டாம்.'"

"அதைப் போடணுமா?"

"அதுக்காகத்தானே போறீங்க."

முன்னால் போகிறவர் எழுதிய முதல் கடிதம், பின்னால் வருகிறவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. கையெழுத்தை மட்டும் அவரே யோசித்துப் போட்டார்.

இரண்டு வாரத்துக்குப் பின் அவர் கிளம்பிய காலையில், பேருந்து நிலையம் வரை நடந்தே போனார்கள். தெருமுனை வந்ததும் வழக்கப்படி ராத்திரி நான்கடி பின்தங்கி நின்றார். குரலம்மாவும் நின்றார். கை நீட்டி அவரிடமிருந்து சாப்பாட்டுப் பையையும் குடையையும் வாங்கிக்கொண்டார். டிக்கெட்காரர் வழியனுப்ப வந்திருந்தார். "என்ன, ஊர்வலம் நின்னுருச்சு?" என்றார்.

"நடங்க" என்றார் குரலம்மா.

ராத்திரி நடந்தார். கையில் பை இல்லாமல் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"வர்றேன், வர்றேன்" என்றது பின்னாலிருந்து குரல். "நேரா பாத்து நடங்க. அந்த மூலையில வலப்பக்கம். வலப்பக்கம்னா சோத்துக்கை."

அவர் வலப்பக்கம் திரும்பினார்.